சாக்கு வாய் தைத்து முடிகிற வரைக்கும்

எனக்கு எழுபத்து நாலு முடிந்துவிட்டது. பெற்றது நாலு, வளர்த்தது மூணு. எங்கள் சந்தில் பெண்களைக் கேட்டால் வளர்த்த கணக்கை மட்டும்தான் சொல்வார்கள். போனதைச் சொன்னால் இருப்பதற்கு ஆகாது என்று ஒரு பயம். எனக்கு அந்தப் பயம் விட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று. அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

கடையநல்லூர்ப் பக்கத்தில் மூணாம் கிளாஸ் வரைக்கும் படித்தேன். பிறகு குர்ஆன் ஓத அனுப்பினார்கள், பிறகு கட்டிக் கொடுத்தார்கள். மட்டாஞ்சேரிக்கு வந்தபிறகு பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது. எழுத்து மட்டும் அந்த மூணாம் கிளாஸ் தமிழோடு நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து வரி எழுதினால் விரல் மரத்துப்போகும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து எழுதுவேன். என்னை யாரும் துரத்தவில்லை.

எங்கள் வீடு பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சந்தில் இருந்தது. வாசலில் நின்றால் சுக்கு வாசனை, கொல்லைக்குப் போனால் காயல் வாசனை. வீட்டுக்காரருக்குப் பழைய சாக்கு வியாபாரம். கிடங்குகளில் கழித்துப் போட்ட சாக்குகளை வாங்கி வருவார். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, பிரிந்த வாயை மடித்துத் தைத்து, திரும்ப அந்தக் கிடங்குகளுக்கே கொண்டுபோய் விற்பார். தைப்பது நானும் மாமியாரும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் கோணி ஊசியும் சணலும்தான். சணல் தூசி காற்றில் பறந்து சோற்றில் விழும், கண்ணில் விழும், வேர்த்த இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

பின்கட்டில் மைனி இருந்தாள். வீட்டுக்காரரின் அக்காள். அவள் மாப்பிள்ளை பேர்ஷியாவுக்கு, அதாவது கல்ஃபுக்கு, சம்பாதிக்கப் போனவர், லீவுக்கு வந்து போவார். நான் சொல்லப்போகிற மழைக்காலத்தில் மைனிக்கு அஞ்சு வயசில் ஒரு பையன், மடியில் ஒரு கைக்குழந்தை.

என் தலைப்பிள்ளை ஆண். அவனுக்கு ஒண்ணரை வயசு ஆகும் முன்னாலேயே எனக்கு மறுபடி வயிற்றில் தங்கிவிட்டது. தெரிந்த அன்றைக்கே பாலை நிறுத்து என்றாள் மாமியார். சூலி பால் குடித்தால் பிள்ளைக்கு வயிறு கெடும், உள்ளே இருப்பதற்கு உரம் போய்விடும் என்று சந்து முழுக்க அப்படித்தான் சொன்னது. நிறுத்தினேன். அவனுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தோம், ஏத்தவாழைக்காய்ப் பொடி காய்ச்சிக் கொடுத்தோம், பால்பொடி கரைத்துக் கொடுத்தோம். ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. முடி செம்பட்டையானது, வயிறு பெருத்தது, கால் வீங்கியது. வைகாசிப் பாதியில் வருகிற இடவப்பாதி மழை பிடித்த வாரம் போய்விட்டான். கண்ணேறு என்றார்கள், குழாய்த் தண்ணீர் என்றார்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததை எனக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த மழை விடும் முன்னாலேயே மகள் பிறந்தாள். கர்க்கடகத்தின் கடைசி, தமிழுக்கு ஆடி முடிகிற நேரம். சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். பிரசவம் பார்க்கிற வயத்தாட்டி சேச்சி முண்டுத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள். பள்ளிவாசலில் மிஃராஜுக்கு, நபி விண்ணேறிய ராத்திரிக்கு, விளக்குக் கட்டியிருந்தார்கள், மழையில் அது எரிவதும் அணைவதுமாக இருந்தது. படுத்த இடத்திலிருந்து சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே பெற்றேன்.

அவளுக்கு நான் பாலை நிறுத்தப்போவதில்லை என்று அவள் வாய் வைத்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஒண்ணரை வயசு தாண்டியும் அவள் சோறு என்று ஒன்றைத் தொட மாட்டாள். கஞ்சியை வாயில் ஊற்றினால் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமானாலும் விழுங்க மாட்டாள். வேகவைத்த மரவள்ளிக் கப்பையைக் கொடுத்தால் சப்பிவிட்டுத் துப்புவாள். உணக்கமீன் கருவாட்டைச் சுட்டுக் கொடுத்தால் நாலு தரம் நக்குவாள், அவ்வளவுதான் தீனி. மற்றதெல்லாம் என் மார்தான். மைனியின் பையன் அவளைப் பார்த்து, மாமி, இது பூனைக்குட்டியா புள்ளையா என்று கேட்பான்.

அந்த நேரத்தில்தான் எனக்கு மறுபடி மாதம் தப்பியது. நான் மறைத்து வைத்தேன். வாந்தி காட்டிக் கொடுத்தது.

மாமியார் தைத்துக்கொண்டிருந்த சாக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், இன்றையோடு நிறுத்து என்று. நான், "இவளுக்கு நிறுத்த மாட்டேன், மாமி" என்றேன். அந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றுக்கு நான் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை.

"அப்ப உள்ள இருக்கிறது?"

"அதுக்கு அல்லா இருக்கான். இதுக்கு நான்தான் இருக்கேன்."

தௌபா செய், அல்லாவிடம் மன்னிப்புக் கேள் என்று அதட்டினாள். செய்தேன். ஆனால் பாலை நிறுத்தவில்லை.

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷன்தான், சண்டை பிடிக்காதவர். உம்மா சொல்வதைக் கேளேன் என்றார் என்னிடம். அவள் சொல்வதையும் பாரேன் என்றார் உம்மாவிடம். பிறகு சைக்கிளில் சாக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாமியாரும் விடுகிறவள் இல்லை. மருந்துக் கடையிலிருந்து சென்னிநாயகம் வாங்கி வந்தாள். கறுப்புக் கட்டி, கசப்பு என்றால் மூக்கு வரைக்கும் ஏறுகிற கசப்பு. பால் மறக்கடிக்க இங்கே எல்லோரும் அதைத்தான் தடவுவார்கள். மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் உரைத்துப் பூசிவிட்டாள். மகள் வந்து வாய் வைத்தாள், முகத்தைச் சுருக்கினாள், குடித்ததை எல்லாம் என்மேலேயே கக்கினாள். நாக்கை என் முந்தானையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். துடைத்துவிட்டு மாரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அழுதுகொண்டே திரும்ப வாய் வைத்தாள். கசப்போடு சேர்த்துக் குடித்து முடித்தாள்.

"கசப்பையும் விடலையே, சனியன்" என்று மாமியார் சிரித்துவிட்டாள். மிச்சக் கட்டியைக் கொல்லையில் எறிந்தாள். அதற்குப் பிறகு அவள் தடுக்கவில்லை. தடுக்காமல் இருந்தாள் என்பதுதான், சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது.

இனி வலியைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எங்கள் பேச்சில் சரியான வார்த்தை கிடையாது. பிரசவ வலிக்கு வார்த்தை இருக்கிறது, பல்வலிக்கு இருக்கிறது. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு மார்க்காம்பு தோல் உரித்த மாதிரி ஆகிவிடும். ரவிக்கை உரசினாலே சுருக்கென்று இருக்கும். அதில் பல் முளைத்த பிள்ளை வாய் வைத்து இழுத்தால் எப்படி இருக்கும். ஆனால் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலியோடு கூட ஒன்று வரும், அதுதான் பொறுக்க முடியாதது. உடம்பு முழுக்கப் பூச்சி ஊர்வது மாதிரி இருக்கும். பிள்ளையை அப்படியே பிடித்துத் தூர வைத்துவிட்டு எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். பிள்ளைமேல் கோபம் கிடையாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, பிஞ்சுக் கையால் என் கழுத்து மணியை உருட்டிக்கொண்டுதான் இருப்பாள். ஆனாலும் என் கால்விரல் எல்லாம் தன்னால் மடங்கிக்கொள்ளும், பல் கிட்டித்துக்கொள்ளும். நாலாம் மாதத்திலிருந்து அவள் சப்ப ஆரம்பித்தால் வயிறும் கல்லு மாதிரி இறுகித் தளரும்.

தர்மாஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் கேட்டேன். பால் கொடுப்பதால் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் வராது, இறுக்கம் விடாமல் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு வா, நீ நன்றாகச் சாப்பிடு என்றாள். நல்ல பிள்ளை, அன்பாகத்தான் சொன்னாள். நன்றாகச் சாப்பிடு என்பதைக் கேட்டு நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வலியைத் தாங்க நான் கண்டுபிடித்த வழி சாக்குதான். மகளை மடியில் போட்டுக்கொண்டு, அவள் தலைக்கு மேலே சாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு தைப்பேன். வலி கைக்குப் போய்விடும். அவள் இழுக்கும்போது நானும் சணலை இழுப்பேன். அந்த மாதங்களில் நான் தைத்த தையல் மாதிரி அந்தச் சந்தில் யாரும் தைத்ததில்லை. கிடங்கில் ஒரு கணக்கப்பிள்ளை வீட்டுக்காரரிடம் கேட்டாராம், இது ஆள் தைத்ததா மிஷின் தைத்ததா என்று. அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் பெருமைதான். யார் வலியில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன்.

மிளகுச் சாக்கை மட்டும் அந்த நேரத்தில் எடுக்க மாட்டேன். ஒரு தரம் எடுத்து, கையைக் கழுவாமல் மாரைத் தொட்டுவிட்டு, எரிச்சலில் வீட்டைச் சுற்றி நடந்தேன். அன்றிலிருந்து பால் கொடுக்கிற நேரத்துக்கென்று அரிசிச் சாக்காகப் பொறுக்கித் தனியாக வைப்பேன். ஈரத் துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுவைத்து, பிறகுதான் அவளைக் கூப்பிடுவேன்.

ஒரு சாக்கு வாய் தைத்து முடிகிற வரைக்கும் ஒரு பக்கம். அதுதான் நான் அவளுக்குப் போட்ட கணக்கு. ஊசி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விட்டால் எடுத்துவிட வேண்டும், அழுதாலும் சரி. அவள் சீக்கிரமே அதைப் புரிந்துகொண்டாள். வாயை எடுக்காமல் கண்ணை மட்டும் மேலே தூக்கி ஊசியைப் பார்த்துக்கொண்டே குடிப்பாள். முனை கிட்டே வந்தால் உறிஞ்சுவது வேகமாகும். பிறகு ஒரு நாள் கையை நீட்டிச் சணலைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தால் விடவில்லை. அந்தச் சின்ன முஷ்டிக்குள் சணல் அறுத்துச் சிவந்திருந்தது. விடவில்லை.

அன்றைக்கு நான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் முடிக்கிற வரைக்கும். அந்த வலியில் கைக்கு வேலையும் இல்லாமல் உட்காருவது எப்படி என்று கேட்காதே.

மழைக்காலம் வந்தது. வயிற்றுக்கு அஞ்சாம் மாதம். பால் குறைய ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் மாதிரி ஆனது, பிறகு அதுவும் ஒரு வாய் இரண்டு வாய் என்று ஆனது. அவள் இழுப்பாள், வராது. விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். திரும்ப இழுப்பாள். பால் இருந்தபோது இருந்த வலி ஒரு மாதிரி, வெறும் மாரை இழுக்கிற வலி வேறு மாதிரி. ஆனால் இப்போது எனக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. அவள் முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செம்பட்டையாகிக்கொண்டிருந்தது.

நான் அந்த நிறத்தை முன்னாலேயே பார்த்தவள்.

மைனி உப்பு வாங்க முன்கட்டுக்கு வந்தாள். நான் தைத்துக்கொண்டிருந்தேன், மகள் வெறும் மாரை இழுத்துக்கொண்டிருந்தாள். மைனியின் ரவிக்கை இரண்டு பக்கமும் பாலில் நனைந்திருந்தது. அவள் குழந்தை ஒரு பக்கம் குடிக்கும் முன்னாலேயே தூங்கிவிடுகிற ரகம். உப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"குடு புள்ள ஒரு நேரம். எனக்குச் சும்மா வழிஞ்சு போகுது."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "தொடாதே."

எங்கள் ஆட்களுக்கு இது தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு வயசுக்குள் ஒரு பிள்ளை வேறொருத்தியிடம் பால் குடித்துவிட்டால் அவளும் அதற்குத் தாய்தான். அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் இதற்குக் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. கிண்ணத்தில் பீச்சிக் கொடுத்தாலும் அதே கணக்குத்தான். மாமியாரோ என் மகள் பிறந்த அன்றைக்கே அவளை மைனியின் பையனுக்கு என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்குப் பிறகு வீடு மகனுக்கும் மகளுக்கும் போக வேண்டியது. பேரனுக்குப் பேத்தியைக் கட்டிவிட்டால் வீட்டுக்கு நடுவே சுவர் வராது. அந்த வீட்டில் அவள் நாற்பது வருஷமாகச் சாக்குத் தைத்தவள். சுவர் என்ற பேச்சையே அவள் எடுக்க விடமாட்டாள்.

மைனி வாசலிலேயே நின்று சொன்னாள், "உம்மா, புள்ள இருந்தாத்தானே கல்யாணம்."

"யாரு இல்லாம போறா? ரெண்டு வயசு திகைஞ்சு முடியட்டும். அதுக்கப்புறம் நீ குடம் குடமா ஊத்திக் குடு, உறவு ஆகாது. கர்க்கடகத்துல பொறந்தவ. கர்க்கடகம் முடிஞ்சு சிங்ஙம் பொறக்கட்டும், குடு. இன்னும் எத்தனை நாளு கெடக்கு?"

மாமியாரைக் கொடுமைக்காரி என்று நினைக்க வேண்டாம். அவள் என் மகளுக்காகத் தினம் ஒரு முட்டை வாங்கி வருவாள், அவித்து மஞ்சளைத் தனியாக எடுத்து ஊட்டப் பார்ப்பாள், அவள் துப்பியதைக் கையில் ஏந்தித் திரும்ப ஊட்டுவாள். கொஞ்ச நாள்தானே என்று நினைத்தாள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், கொஞ்ச நாள் பொறு, சிங்ஙம் வந்தால் மைனி பார்த்துக்கொள்வாள் என்று.

மைனி என்னைப் பார்த்தாள். மாமியார் ரேஷன் கடைக்குப் போகிற நேரம் இருக்கிறது, குளிக்கிற நேரம் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை. ஒளித்துக் குடித்த பாலும் பால்தான். நாளைக்கு அந்த நிக்காஹ் நடந்து, அது ஹராமாகப் போனால் அந்தப் பாவத்தை என் மகள் தலையில் நான் எப்படி வைப்பது. அதோடு, கையேந்துவது என் பழக்கமும் இல்லை. மைனி உப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு மழையோடு மழையாக நாள் போனது. மாமியார் வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கிய மலையாள நாட்காட்டியைத் தினமும் கிழித்தாள். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் தடிமன் குறைவது தெரியும். மகள் நடப்பதைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்திவிட்டாள். ஓடித் திரிந்தவள் சாக்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாள். என் மடிக்கு வருவதற்கு மட்டும் எழுந்திருப்பாள். நான் சாக்கை மெதுவாகத் தைத்தேன். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் மூச்சு விட்டுக்கொண்டு தைத்தேன், முனை வராமல் இருக்க. பால் இல்லை என்றாலும் அவளுக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது.

அந்த மழைக்கு நடுவில்தான் மிஃராஜ் வந்தது. பள்ளிவாசலில் விளக்குக் கட்டினார்கள். சாயங்காலம் நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். மழையில் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது.

மாமியார் எனக்குப் பின்னால் நின்று சொன்னாள், "இவ பொறந்த அன்னிக்கும் இப்படித்தான், இல்ல?"

"ஆமா மாமி. இதே மாதிரிதான் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சது."

இரண்டு பேரும் அதைச் சொன்னோம். சொல்லிவிட்டு உள்ளே போய் மிச்சச் சாக்கைத் தைத்தோம்.

சிங்ஙம் ஒண்ணாம் தேதி காலையில் மைனி குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு, முன்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். மாமியார் பிஸ்மி சொல்லி மகளைத் தன் கையாலேயே எடுத்து அவள் மடியில் போட்டாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்குப் பார்க்கவும் ஆசை, பார்க்காமல் இருக்கவும் ஆசை.

சத்தமே இல்லை. குடிக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் மைனியின் மாரிலிருந்து பால் பிள்ளையின் கன்னத்தில் சொட்டி, கழுத்து வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அழக்கூட இல்லை.

மறுநாளும் பார்த்தோம். தூக்கக் கலக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் சேலையை மைனிக்குப் போர்த்தி, என் வாசனை வரட்டும் என்று பார்த்தோம். மைனியின் பாலை விரலில் தொட்டு உதட்டில் வைத்தால் புறங்கையால் துடைத்துவிட்டாள். சென்னிநாயகத்தை விழுங்கியவள் அந்த இனிப்பை விழுங்க மாட்டேன் என்றாள். இறக்கி விட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, முந்தானையை விலக்கி, ஒன்றும் இல்லாத மாரில் வாய் வைத்தாள்.

மைனி அழுதுவிட்டாள். "நான் என்ன செய்யட்டும் புள்ள, அவளுக்கு நீதான் வேணும்" என்றாள்.

என்னிடம் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து மாமியாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வயசு நிறைந்து ஓரிரு நாள்கூட ஆகவில்லையே, அந்த ஒன்றிரண்டு சொட்டு உள்ளே போயிருந்தால் உறவாகிவிடுமோ என்று. பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்டு வரப் போனாள். போனவள் வரும்போது குடையை மடக்காமல் வாசலில் நின்றாள். தானாகத்தான் சொன்னாள். மறைத்திருந்தால் எனக்கு எப்படித் தெரியப்போகிறது. அந்த ஒன்றுக்காக இன்று வரைக்கும் அவளை நான் மதிக்கிறேன்.

"எப்பப் பொறந்த புள்ளன்னு கேட்டாரு. மிஃராஜ் விளக்குக் கட்டின அன்னிக்குன்னேன். பிறைக் கணக்குத்தான் கணக்காம். மிஃராஜ் அன்னிக்கே ரெண்டு வயசும் நிறைஞ்சு திகைஞ்சிருச்சாம்."

பிறை வருஷம் சின்னது. ஒவ்வொரு வருஷமும் முன்னால் முன்னால் ஓடி வரும். நோன்புக்கும் பெருநாளுக்கும் அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாடகை, ரேஷன், மழை, பிள்ளை வயசு இதற்கெல்லாம் இந்த ஊர் மாதத்தைத்தான் வைத்துக்கொள்வோம், எல்லோரையும் போல. அதனால் விளக்குக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு விளக்கைப் பற்றிப் பேசினோம், வயசு நிறைந்தது தெரியவில்லை. மூணு வாரத்துக்கு மேல் சும்மா காத்துக் கிடந்தோம். அவள் நடையை விட்டது அந்த மூணு வாரத்தில்தான்.

மிஃராஜ் அன்றைக்கே மைனி மடியில் போட்டிருந்தால் குடித்திருப்பாளா? தெரியாது. அன்றைக்கும் முகத்தைத் திருப்பியிருக்கலாம். அது தெரியாமலே நானும் போய்ச் சேருவேன். மாமியார் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கி மூலையில் வைத்தேன். அவள் மௌத்தாகிக் கண் மூடுகிற வரைக்கும் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. வெறும் மாரை அவள் இழுத்தாள், நான் கொடுத்தேன். காம்பில் வெடிப்பு வந்து ரத்தம் கசிந்தது. உலர்ந்த ரத்தத்தில் சணல் தூசி ஒட்டிக்கொள்ளும், அதை ஊறவைத்துத் துடைக்க வேண்டும். வயிறு பெரிதாக ஆக அவளுக்கு மடியில் இடம் இல்லாமல் போனது. பக்கத்தில் நின்றுகொண்டு குனிந்து குடிக்கிற மாதிரி நிற்பாள். உள்ளே இருக்கிறவன் உதைப்பான், அது அவள் நெஞ்சில் படும், அவள் திரும்ப வயிற்றைத் தள்ளுவாள். முட்டையின் மஞ்சளில் கொஞ்சம், கஞ்சியின் மேல்தண்ணீரில் கொஞ்சம் உள்ளே போனது. அதுதான் அவளைப் பிடித்து வைத்தது என்று நினைக்கிறேன். என் பால் இல்லை. தினமும் விடிந்தால் முதலில் அவள் மூக்குக்கிட்டே விரலை வைத்துப் பார்ப்பேன். பிறகுதான் என் நாள் தொடங்கும்.

மழை எல்லாம் விட்டபிறகு பையன் பிறந்தான். ஒல்லியாக, சத்தமாகப் பிறந்தான். அவனுக்கு ஒன்றும் குறை இருக்கவில்லை. மூணாம் நாள் பால் இறங்கியது. முதலில் பிறந்த குஞ்சுக்குக் கொடு என்றாள் வயத்தாட்டி சேச்சி. அவனுக்குக் கொடுத்தேன். மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தூங்கியபிறகு அந்தப் பக்கத்தையே அவளுக்குக் கொடுத்தேன். பழக்கத்தில் வெறுமனே இழுத்தாள், வாய் நிறைந்து புரை ஏறிவிட்டது. வாயை எடுத்துவிட்டு மாரைப் பார்த்தாள். கடைவாயில் பால் ஒழுக என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ ஏமாற்றுகிறேன் என்று நினைத்தவள் மாதிரி பார்த்தாள். பிறகு குடித்தாள்.

இதோடு நன்றாக முடிந்தது என்று எழுதலாம். அப்படி முடியவில்லை. அவள் பிழைத்தாள், ஆனால் அந்த மழையில் போன உடம்பு திரும்ப வரவே இல்லை. தம்பி அவளைத் தாண்டி வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் எப்போதும் வரிசையில் முதல் ஆளாக நின்றவள் அவள்தான், உயரத்தில் சின்னவள் என்பதால். மூணரை வயசில் ஒரு நாள் மாரைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தானே விளையாடப் போய்விட்டாள். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். சாக்கு ஊசியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் மைனியின் மாப்பிள்ளை பேர்ஷியாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். பாகம் கேட்டார். மாமியார் இருக்கும்போதே சுவர் வந்தது. நான் சாக்குத் தைக்க உட்காருகிற இடத்திலேயே எழுப்பினார்கள். மைனியின் பையன் வளர்ந்து வேறெங்கோ நிக்காஹ் செய்துகொண்டான். என் மகளை இடக்கொச்சியில் கொடுத்தேன். நல்ல பையன், படகு பழுது பார்க்கிற வேலை. எந்த உறவுக்கு வேண்டி அந்தப் பாலைத் தடுத்தோமோ அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவே இல்லை. யாருக்கும் ஞாபகமும் இல்லை. மாமியாருக்கு மட்டும் இருந்திருக்கும். சுவர் எழுப்பிய நாளில் அவள் கொத்தனாருக்குச் சாயா கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மகளுக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் வந்தால் இந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் உட்காருவாள், சின்ன உருவம், காலை நீட்டினால் பாயின் பாதி வரைக்கும்தான் வரும். உம்மா, நான் குட்டையாகப் போனது உங்கள் வீட்டு ஜாடையா வாப்பா வீட்டு ஜாடையா என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். எங்கள் வீட்டில் எல்லோரும் நெட்டை. நான் சாயா வைக்க எழுந்து போய்விடுவேன்.

எழுதியது போதும், இதற்குமேல் விரல் மடங்கவில்லை. இளையவன், நாலாவதாகப் பிறந்தவன், அவன் மகள் இங்கேதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு மலையாளம் தண்ணீர் மாதிரி ஓடும், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். பரவாயில்லை, என் எழுத்தும் கூட்டிக் கூட்டி எழுதியதுதான். மோளே, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இங்கே வா. இதை முதலிலிருந்து வாசி, எனக்குக் கேட்கிற மாதிரி வாசி. உன் குப்பி, வாப்பாவின் அக்காள், முகத்தைத் திருப்பிக்கொண்ட இடம் வரும். அங்கே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காதே. மேலே வாசி.